கைலி காய்ந்த இடம்

ரவீந்திரன் முதலாளி நன்றாக இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டு அவருக்கு ஏதாவது ஆயிற்றா என்று யாரும் தேட வேண்டாம். தினமும் காலையில் எங்கள் வீட்டு முன்னால் காரை நிறுத்துகிறார், கண்ணாடியில் முடியைச் சரிசெய்கிறார், போகிறார். ஒரு தும்மல்கூட இல்லை. காய்ச்சல் விட்டு உடம்பு தேறிய பிறகும் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

நான் எழுத உட்கார்ந்தது என் காய்ச்சலைப் பற்றி. படிக்கிறவர்களில் ஒருவராவது தங்கள் இடுப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டால் நல்லது. ஆனால் அந்த மனுஷன் பெயரை எழுதாமல் காய்ச்சலை எழுத முடியவில்லை. இரண்டு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

என் பெயர் இசக்கிமுத்து. அப்பாவும் அம்மாவும் தோவாளைப் பக்கத்திலிருந்து வேலை தேடித் திருவனந்தபுரம் வந்தவர்கள். அப்பா விழிஞ்ஞத்தில் கான்கிரீட் வேலை. அம்மா கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் காய் நறுக்குகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் இப்போது பி.எச்.டி. செய்கிறேன். பூச்சிகள் பரப்பும் நோய்கள் எந்த இடத்தில், எந்தச் செடியடியில், எந்த எலியின் காதில் குடியிருக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. காதில் என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நான் படிக்கும் பூச்சி எலியின் காதுமடலுக்குள்தான் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பூச்சி தரும் காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். இங்கே செள்ளுப்பனி என்பார்கள், தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல். மண்ணில் வாழும் பூச்சி அது. அதன் குஞ்சு மட்டும்தான் கடிக்கும். வெறும் கண்ணுக்கு ஒரு சிவந்த புள்ளி, அவ்வளவுதான். எலி கிடைக்காவிட்டால் புல்நுனியில் ஏறி உட்கார்ந்து, யாராவது உரசிப் போவதற்காகக் காத்திருக்கும். கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். குஞ்சு தனியாக ஒரு பாவமும் செய்ய வேண்டியதில்லை. கடித்தால் வலிக்காது. சில நாள் கழித்து அந்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு கட்டும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. மிச்சப் பாதி, மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பழைய மாத்திரை.

இவ்வளவும் தெரிந்த எனக்குத்தான் அது வந்தது.

முதலில் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல. பிறகு குளிர், காய்ச்சல், தொடையிலும் முதுகிலும் அடித்துப் போட்ட வலி. பக்கத்து கிளினிக்கில் வைரல் ஃபீவர் என்று சொல்லிப் பாரசிட்டமால் கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் வியர்த்து இறங்கும், மறுபடி ஏறும். சோறு வாசனை பிடிக்கவில்லை. ஒருநாள் குளியலறையிலிருந்து வெளியே வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வேலைக்குப் போகாமல் ஆட்டோ பிடித்தார்.

அரசு மருத்துவமனையின் காஷ்வாலிட்டியில் ஒரு இளம் டாக்டர் இருந்தார், ஆதிரா என்று பெயர். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். உடனே நிமிர்ந்து பார்த்தார்.

"செள்ளுப்பனி ஆயிருக்குமோ? ஃபீல்டுக்குப் போனீங்களா?"

இங்கேதான் நான் என் படிப்பைக் காட்டினேன். "இல்ல டாக்டர். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு காட்டுப் பக்கம் போயி. லேப்லதான் இருக்கேன். கடிச்சா ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்திருக்கணும். கணக்கு ஒத்து வராது. போகும்போதும் லெக்கிங்ஸ், மருந்து எல்லாம் போட்டுத்தான் போவேன்."

அவர் கையையும் கழுத்தையும் அக்குளையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவனே இல்லை என்கிறான். டெங்குவுக்கும், எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சலுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, முடிவு வாங்க ஒரு வரிசை, நடுவில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் நான் படுக்க இடம் வேண்டுமென்று அம்மா பக்கத்திலிருந்த ஒரு குடும்பத்தையே நகர்த்தினாள். அவர்கள் முறைத்தார்கள். அம்மா தன் டிபன் பாக்ஸிலிருந்து இட்லியை எடுத்து அவர்கள் பிள்ளைக்குக் கொடுத்தாள், முறைப்பு நின்றது. பிளேட்லெட் இறங்கியிருந்தது. ரத்தம் உறைய உதவும் அணுக்கள் அவை, டெங்குவிலும் இறங்கும், என் காய்ச்சலிலும் இறங்கும். டெங்கு இல்லை என்று வந்தது. எலிப்பனிக்கு முடிவு வர வேண்டும் என்றார்கள். வார்டில் படுக்க வைத்தார்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் எல்லா வராந்தாவும் ஒரே மாதிரி இருக்கும். என் வார்டு வாசலில் தண்ணீர் டேங்க் ஒழுகும், அதுதான் அவருக்கு அடையாளம். வேலை முடிந்து காதில் சிமெண்ட்டோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தை அமுக்கிவிடுவார். ஒருநாள் டேங்கைச் சரிசெய்துவிட்டார்கள். அப்பா பெண்கள் வார்டுக்குள் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒழுகிக்கிட்டு இருந்தத எவன்டே அடச்சது?" என்று வந்ததும் கேட்டார். அந்தக் காய்ச்சலிலும் சிரித்தேன். சிரித்ததும் இருமல் வந்தது, இருமல் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நினைவு துண்டு துண்டாகத்தான். மூச்சு மேலேயே நின்றது, கீழே இறங்கவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன். வேறொரு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது, மேலே ட்யூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்தது. நான் எலிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம். மூளையைத் தொட்டிருக்குமோ என்று பயந்து தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது.

என் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தது. கறுப்புக் கயிறு, அதில் ஒரு தகரத் தாயத்து. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தபோது, காட்டில் அலையப் போகிற பிள்ளை என்று அம்மா ஊர்க் கோவிலிலிருந்து வாங்கி வந்து கட்டியது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை இடுப்பில் அந்தக் கயிறு பிறந்ததிலிருந்து இருக்கும். பழசு நைந்தால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பார்கள். புதுசு கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். குளிப்பாட்டிக் கொண்டுபோவதற்கு முன்னால்.

அட்டெண்டர் கத்தரிக்கோலோடு வந்ததும் அம்மா என் மேல் குறுக்கே விழுந்துவிட்டாள். இதை அப்பா பிறகு சொன்னார்.

"அர்ணாக்கயித்த அறுக்க விடமாட்டேன். எம்பிள்ள உயிரோட கெடக்கான். கண்ணு தெரியலயா உனக்கு?"

"அம்மே, ஸ்கேன் எடுக்கணும். வேற வழியில்லா."

"அப்ப ஸ்கேன் வேண்டாம்."

"உங்க மகனுக்கு எந்தெங்கிலும் பற்றினா? ஏதாவது ஆயிட்டா?"

"அறுத்தாத்தான் பற்றும்!"

வார்டே கூடிவிட்டது. ஒரு நர்ஸ் அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு ஆதிரா டாக்டர் வந்தார்.

"அம்மே, முறிக்கண்டா," என்றார். அறுக்க வேண்டாம் என்று அர்த்தம். "ஒன்னு மேல நீக்கி, தாயத்தை மட்டும் கழற்றினா மதி, போதும். நான் பண்றேன். நீங்க பிடிச்சுக்கோங்க."

அம்மா கயிற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் அதைத் தளர்த்தி மேலே தள்ளினார். தாயத்து இருந்த இடத்தில், தாயத்தின் அளவுக்கே, கறுப்பாக வட்டமாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம்.

டாக்டர் குனிந்து அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு சொன்னாராம்: "ஈஸ்வரா. இது இவ்விடெ இருந்துச்சு."

இந்தப் பூச்சி உடம்பில் ஏறினால், துணி இறுகும் இடம் வரை ஊர்ந்துபோய் அங்கேதான் கடிக்கும். இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு. இதை நான் கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் என் இடுப்புக் கயிற்றை விலக்கி நானே பார்த்தது கிடையாது. அது உடம்பில் ஒரு பாகம். காதைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறோமா?

தாயத்தை மட்டும் கழற்றிவிட்டு ஸ்கேனும் எடுத்தார்கள், தலையில் ஒன்றும் இல்லை. குழாய் வழியே மருந்து ஏறியது. ஸ்கேன் கட்டணத்துக்கு அப்பாவின் மேஸ்திரி கைமாற்று கொடுத்தார். வெளியே வாங்கச் சொன்ன மருந்துக்கு ஹோட்டல்காரர் அம்மாவின் சம்பளத்தை முன்கூட்டியே தந்தார். என் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடந்தது. வாயில்லாப் பூச்சி பற்றி எழுதப் பணம் தருகிறவர்கள், பூச்சி கடித்தவனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவர்கள் பக்கம் பிறகு வருவேன் என்று நினைத்திருந்தேன். ரவீந்திரன் முந்திக்கொண்டார்.

மருந்து ஏறி இரண்டாம் நாள் காய்ச்சல் போனது. படிப்படியாக இல்லை, மின்சாரம் போவதுபோல. தலையணை குளிர்ச்சியாக இருந்தது. பசித்தது. அப்பா முழங்காலில் கையூன்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பூச்சியத்தான் நீ படிக்கியா டே?"

"ஆமாப்பா."

"நீ அதப் பத்தி எழுதுறது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இப்போது எனக்கு ஒரே கேள்விதான். காட்டுக்குப் போகவில்லை. லேபில் இருப்பதெல்லாம் செத்த பூச்சிகள். பிறகு எங்கே கடித்தது?

அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "அம்மா, என் கைலியெல்லாம் எங்க காயப்போடுற?"

"பின்னால பறம்புலதான் மக்கா. அந்தக் கம்யூனிஸ்ட் பச்சச் செடி மேல. நல்லா வெயில் விழும். எதுக்குக் கேக்க?"

"சும்மா."

ஆரஞ்சுச் சுளையை அவள் என் வாயில் வைத்தாள். நான் விழுங்கவில்லை.

கதை இதுதான். நாங்கள் இருப்பது ரவீந்திரன் முதலாளியின் லைன் வீட்டில், வரிசையாக அறைகள், மேலே மொட்டை மாடி. அதற்கு எதிரே அவர் ஒரு ஃப்ளாட் கட்டினார். விளம்பரத்தில் கடல் தெரியும் ஃப்ளாட். கடல் தெரிவது உண்மைதான். ஆனால் ஃப்ளாட்டின் பால்கனிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் மொட்டை மாடி இருக்கிறது, மாடியில் எங்கள் துணிக்கொடி. ஒருநாள் வீடு பார்க்க வந்தவர்கள் எதையோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். முதலாளி நேராக எங்கள் மாடிக்கு ஏறி வந்தார், கையில் கத்தி.

"கடல் காணிக்க ஆளைக் கூட்டிட்டு வரேன். நான் என்ன காணிக்கறது? உங்க ஜட்டியா?"

கொடிக்கயிற்றை அறுத்தார். ஈரத்துணி எல்லாம் தரையில். அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். என் கைலிமேல் அவர் செருப்பு இருந்தது. அம்மா அதை இழுக்கும் வரை அவர் காலை எடுக்கவில்லை. "இனி இங்க துணி கண்டா வீட்டைக் காலி பண்ணிக்கோ," என்றார்.

பின்பக்கத்துக் காலி மனை, இங்கே பறம்பு என்பார்கள், அதுவும் அவருடையதுதான். இரண்டாவது ஃப்ளாட்டுக்காகப் பாதி வெட்டித் திருத்தி, வேலையை நிறுத்திப் போட்டார். வெட்டிவிட்ட இடத்தில் புதர் முளைக்கும், கட்டிடக் குப்பை சேரும், எலி வரும், எலியோடு இவை வரும். காட்டைவிட மோசமான இடம் பாதி வெட்டிய காடு. என் ஆராய்ச்சியின் சாரமே இதுதான். போன மழைக்காலத்தில் அவரிடம் போய் வணக்கம் வைத்து, சார், அதைச் சுத்தம் பண்ணுங்க, நோய் வரும் என்றேன்.

"எடா டாக்டரே," என்று தோளில் தட்டினார். சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "எலியை எண்ணிப் பட்டம் வாங்கறவன். நான் எலியை ஒழிச்சா, பாவம், இவனுக்குச் சோறு ஏது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் பழி வாங்குவதைத் தவிர வேறொன்றையும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உடம்பு தேற அது நல்ல மருந்து. கஞ்சி குடிக்கும்போது யோசித்தேன். நெஞ்சில் படம் எடுக்கக் காத்திருக்கும்போது யோசித்தேன். ஒரு யோசனை ரொம்ப அழகாக இருந்தது. அந்தச் செடிமேல் ஒரு நல்ல வேட்டியைப் பரப்பி வைத்து, அயர்ன் பண்ணாமல் மடித்து, ஓணத்துக்கு முதலாளிக்கு மரியாதை செய்வது. கடையில் கிடைக்கிற விஷம் இல்லை. யாரும் கண்டுபிடிக்க முடியாது. என் படிப்பு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அன்றுதான் தெரிந்தது. பட்டம் வாங்கும் முன்னாலேயே உபயோகப்படப் போகிறது.

அதைக் கைவிட்டதற்குக் காரணம் நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அந்த வேட்டியை முதலில் தொடுவது முதலாளி இல்லை. அவர் வீட்டில் துணி துவைக்கும் அக்கா. அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவாள். எந்தப் பக்கம் குறிவைத்தாலும் என் குறி அம்மா மாதிரி ஒருத்தியின் மேல் போய் விழுந்தது. அதற்கும் ரவீந்திரன்மேல்தான் கோபம் வந்தது.

அடுத்தது நேர் வழி. ஹெல்த் இன்ஸ்பெக்டரைக் கூட்டிவந்து பறம்பைக் காட்டுவது. அதிலும் ஒரு முள் இருந்தது. பூச்சி எப்படி உன் இடுப்புக்கு வந்தது என்று அவர் கேட்பார். கைலி என்று சொல்ல வேண்டும். கைலியைக் காயப்போட்டது யார்?

என்னைச் சாவுப்படுக்கைக்குக் கொண்டுபோனது தன் கைதான் என்று அம்மா தெரிந்துகொள்வதும், ரவீந்திரன் தப்பித்துப் போவதும். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் தடுக்க முடியும்.

டிஸ்சார்ஜ் அன்று ஆதிரா டாக்டர் அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டார். "எங்கேந்து கிடைச்சதுன்னு தெரிஞ்சுதா?"

"பழைய ஃபீல்டு பையில இருந்திருக்கும் டாக்டர்," என்றேன்.

டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பதிலில் விஞ்ஞானம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆட்டோவிலேயே ஆரம்பித்தாள். "அந்தக் காட்டு வேலைய விட்டுரு மக்கா. பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேல பாரு. எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு." நான் பண்ணவில்லை. அவள் சாப்பிடவில்லை. லைன் வீடு முழுக்க, வந்து பார்த்தவர்களிடமெல்லாம், காட்டிலிருந்து வந்த வினை என்று சொல்லி அழுதாள். அது முதலாளி காதுக்கும் போயிற்று. ஒரு சீப்பு பழத்தோடு வந்தார்.

"கேட்டோ, காட்டுல திரிஞ்சா இப்படித்தான். இனி சூக்ஷிச்சு, கவனமா நடக்கணும் டாக்டரே."

பழத்தை அம்மா வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். என் முன்னால், என் அம்மா, அவருக்கு நன்றி சொன்னாள். அன்று முடிவெடுத்தேன், பறம்பைக் காட்டியே தீருவது. கைலியைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பறம்பில் தகடுகளை வைத்தேன். இது எங்கள் வேலைமுறை. கறுப்புத் தகட்டை மண்ணில் வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், பூச்சி இருக்கும் இடமென்றால் தகட்டின் விளிம்பில் செம்மஞ்சள் புள்ளிகள் ஏறி ஓடும். காடுகாடாக அலைந்து வைத்திருக்கிறேன். இவ்வளவு புள்ளிகளை ஒரு தகட்டிலும் பார்த்தது இல்லை. என்னைக் கடித்தது இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் என்று அறிவியல்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் என் கைடு. சரிதான் சார் என்றேன். பழிவாங்க அவ்வளவு நிரூபணம் தேவையில்லை.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஷாஜி சார் வந்தார். செய்தி கேட்டு முதலாளி வந்தார். லைன் வீட்டு ஆட்கள், அப்பா, அம்மா எல்லோரும் பறம்பு ஓரத்தில். நான் பூதக்கண்ணாடியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். பார்த்தவர் அதை அப்படியே முதலாளியிடம் நீட்டினார். முதலாளி குனிந்து பார்த்தார். பார்த்ததும் தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை புல்லில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடக்கிக் கட்டினார், உதறினார், ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தார். கூட்டத்தில் ஒருவர் "முதலாளி, டான்ஸ் நல்லாருக்கு" என்றார். ஆராய்ச்சியில் எனக்கு இதுவரை கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். நூறு கட்டுரை அச்சானாலும் அது வராது.

ஆனால் ஆள் கெட்டிக்காரர். உடனே நிமிர்ந்துவிட்டார்.

"ஸாரே, பூச்சி எல்லாப் பறம்புலயும் இருக்கும். இவனுக்குக் காட்டுலேந்து கிடைச்சது. இவன் அம்மையே சொன்னா, எல்லாரும் கேட்டதில்லே? இல்லேன்னு சொல்றான்னா, என் பறம்புக்குள்ள இவன் எதுக்குக் கேறினான்? அதையும் எழுதிக்கோங்க."

ஷாஜி சார் என்னைப் பார்த்தார். "இசக்கி, நீங்க இதுக்குள்ள போனீங்களா? காய்ச்சலுக்கு முன்னாடி?"

நான் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனேன் என்றால் அத்துமீறல். போகவில்லை என்றால் பூச்சிக்கும் எனக்கும் தொடர்பே இல்லை. உண்மை நாக்கு நுனியில் இருந்தது. முதலாளியின் முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது.

"அவன் போகல," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவன் கைலி போச்சு. நாந்தான் இந்தச் செடிமேல காயப்போட்டேன். ஆசுபத்திரியில வச்சுக் கேட்டான், எங்க காயப்போடுறன்னு. எதுக்குக் கேக்கான்னு அப்பத் தெரியல." தகட்டைக் கைகாட்டினாள். "இப்பத் தெரியுது."

"அம்மா, வேண்டாம்," என்றேன்.

"நீ சும்மா இருல." முதலாளியைப் பார்த்துத் திரும்பினாள். "செடிமேல காயப்போடணும்னு எனக்கு என்ன நேர்ச்சையா? மாடியில கயிறு இருந்தது. அத அறுத்தது ஆரு? சொல்லும். எம்பிள்ள துணிமேல செருப்புக் காலோட நின்னது ஆரு? அங்க ஆசுபத்திரியில எம்பிள்ள இடுப்புக் கயித்த அறுக்க வந்தான் ஒருத்தன். அவன விடல நான். உம்ம விட்டுட்டேன்."

முதலாளி வாயைத் திறந்தார். லைன் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். எல்லோர் துணியும் அந்தச் செடிகள்மேல்தான் காய்ந்துகொண்டிருந்தது. எல்லோர் கொடியும் அன்று அறுந்ததுதான். ஒரு அக்கா தன் பிள்ளைக்கு வந்த காய்ச்சலைச் சொன்னாள். அவள் குரலுக்கு முன்னால் முதலாளியின் குரல் எடுபடவில்லை.

ஷாஜி சார் அங்கேயே வைத்துச் சொல்லிவிட்டார். பறம்பை முழுசாக வெட்டி, குப்பையை அள்ளி, எலி வளைகளை மூட வேண்டும், அபராதமும் உண்டு. வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத் துணி காயப்போட வெயில் படும் இடம் கொடுக்க வேண்டும். மொட்டை மாடியில், இன்றே.

கயிறு கட்ட முதலாளியின் ஆளே வந்தான். எந்தப் பக்கம் கட்டட்டும் என்று கேட்டான். அம்மா மாடியில் ஒரு சுற்று நடந்து பார்த்தாள். ஃப்ளாட்டின் பால்கனிக்கு நேர் எதிரே நின்று, "இங்கன," என்றாள்.

பழி தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. அவர் கட்டிய அபராதம் அவருக்கு ஒரு வேளை ஹோட்டல் செலவு. அம்மாவுக்குத்தான் ஏதோ போய்விட்டது. கைலியை இப்போது இரண்டு பக்கமும் அயர்ன் பண்ணி, உதறி, மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறாள். வேலையை விடச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்கமாட்ட."

"இப்ப மட்டும் தூங்குதனா?"

அந்தத் தூக்கத்தையும் ரவீந்திரன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது உங்களிடம் மன்னித்துவிடு, உடம்புக்கு நல்லது என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு மன்னிக்காமலேயே ரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் சரியாகிவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது ஆதிரா டாக்டரே சொன்னார். இடுப்பில் ஒரு சின்ன வட்டத் தழும்பு மட்டும் இருக்கிறது, கயிற்றுக்கு அடியில். நீங்களும் காய்ச்சல் வந்தால் கயிற்றை விலக்கிப் பாருங்கள். துணியைக் கொடியில் காயப்போடுங்கள், செடியில் வேண்டாம்.

வீடு பார்க்க ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருகிறார்கள். முதலாளி அவர்களைப் பால்கனிக்குக் கூட்டிவந்து கையை நீட்டுவார். நீட்டிய கைக்கு நேரே என் கைலி, அம்மாவின் சேலை, சிமெண்ட் கறை போகாத அப்பாவின் டவுசர், பக்கத்து அறை அக்காவின் பாவாடைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ கடல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் துணி துவைக்கிறோம். அழுக்குத் துணி இல்லாவிட்டால் பெட்டியிலிருந்து எடுத்து நனைக்கிறோம்.